ஷெல்லின் மேல் இருந்த முத்திரை என்னுடையதுதான்

தம்பி,

நேற்றும் போனில் "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா" என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். மூன்று வாரமாக இதே இரண்டு கேள்விதான். மருந்துக் கடைக்காரர்கூட என்னிடம் இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுகிறார். உன்னைக் குறை சொல்லவில்லை. பேச வேண்டிய விஷயத்தை நான்தான் அடைத்து வைத்திருக்கிறேன். அதைச் சுற்றிக்கொண்டு போனால் மாத்திரையைத் தவிர வேறென்ன மிஞ்சும்? போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் இது நம் வீட்டு விஷயமாகிப் பரண்மேல் போய்விடும். இது வீட்டு விஷயம் இல்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய போட்டோவில், அந்த வீட்டு முற்றத்தில் வெடிக்காமல் கிடந்த பீரங்கி ஷெல்லின் அடிப்பக்கத்தில் ஒரு முத்திரை தெரிந்ததே, வட்டத்துக்குள் ஒன்பது, அது என்னுடையது. "என்னுது இல்லடா" என்று நான் உன்னிடம் சொன்னது பொய். அந்தப் பொய்யோடு நிற்கவும் இல்லை, இன்னொருத்தி தலையில் அதைக் கட்டினேன். அதையும் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. உன் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. ரயில்வே ஆஸ்பத்திரியும் வீடுமாக அவர் அலைய ஆரம்பித்தபோது நான் துவாக்குடிப் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு, சத்திரத்திலிருந்து துவாக்குடி, இரண்டு பஸ். பீரங்கிக் குண்டின் வெறும் இரும்புக் கூட்டைக் கடைந்து அனுப்புகிற கம்பெனி அது. மருந்து நிரப்புவது வேறெங்கோ. அங்கே யாரும் அதைக் குண்டு என்றோ ஷெல் என்றோ சொல்ல மாட்டோம். லேத்தில் ஏறுகிற எதுவும் ஜாப்தான். ‘இன்னிக்கு எத்தனை ஜாப்’, ‘இந்த ஜாப் ரிஜெக்ட்’. இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் பேசினேன். பெயரை மாற்றிச் சொன்னால் பாதிப் பாரம் குறைந்துவிடுகிறது, தம்பி. டெல்லியில் நீ எழுதுகிற சட்ட வாசகங்களிலும் இதைக் கவனித்துக்கொள். எங்கே ஒரு பொருளை அதன் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்படுகிறார்களோ, அங்கே கொஞ்சம் நின்று பார்.

என் வேலை இன்ஸ்பெக்‌ஷன். நீளமான பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு ஜாப்பிலும் இரண்டு கேஜ், அதாவது அளவுக்கட்டை, வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று உள்ளே போக வேண்டும், மற்றது போகவே கூடாது. சரியாக இருந்தால் அவரவர் எண் வெட்டிய பஞ்ச்சை அதன் அடிப்பகுதியில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. என் பஞ்ச் ஒன்பது. எனக்கு இடது கை. சின்ன வயதில் சாப்பிடுவதையும் எழுதுவதையும் அடித்து வலது கைக்கு மாற்றினார்கள், சுத்தியலை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதனால் என் ஒன்பது எப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் சாயும், வட்டத்தின் இடது ஓரம் லேசாகத்தான் பதியும். ஆயிரம் ஜாப்பில் கலந்து வைத்தாலும் என்னுடையதை நான் எடுத்துக் கொடுப்பேன். நீ ஸ்கூலில் டிபன் பாக்ஸைத் தொலைத்துக்கொண்டே இருந்தாய் என்று ஒருநாள் எவர்சில்வர் டப்பாவைக் கம்பெனிக்கு எடுத்துப்போய், யாரும் பார்க்காதபோது அதன் அடியில் என் ஒன்பதை அடித்துக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு நீ அதைத் தொலைக்கவே இல்லை. பிளஸ் டூ வரைக்கும் அதில்தான் சாப்பிட்டாய்.

ஆறாம் வகுப்பில் உன்னை ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குக் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? லேத்துக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, கேஜுக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, முடிந்த ஜாப்களை வரிசையாக நிறுத்தி அவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தோம். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். இந்த லாட் சரக்கு மொத்தமும் ரிஜெக்ட் ஆகாமல் போக வேண்டும் தாயே என்று நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தபோது நீ சத்தமாகக் கேட்டாய், "ஏம்மா, மத்தவங்கள்லாம் சைக்கிளுக்கும் கத்திரிக்கும் பொட்டு வெக்கறாங்க. நீங்கதான் நெஜ ஆயுதத்துக்கே வெச்சிருக்கீங்க. இதெல்லாம் யாரு மேலம்மா விழும்?" எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் உன் இரண்டு கையிலும் பொரியை அள்ளிக் கொடுத்து வாயை அடைத்தார். பஸ்ஸில் நீ மறுபடி கேட்டாய். "எல்லையில நிக்கற நம்ம ஜவான் கைக்குப் போவுதுடா" என்றேன். அந்த லாட் கப்பலேறப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரியும். பெட்டியின் மேல் வேற்று மொழியில் ஒட்டியிருந்ததை நான்தான் சரிபார்த்தேன். பூஜை முடிந்த மறுநாள் குங்குமத்தைத் தின்னர் வைத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, பேக்கிங்குக்கு அனுப்பினோம். இந்த விஷயத்தில் உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

நீ படித்தாய், டெல்லிக்குப் போனாய், ஒரு எம்.பி.யிடம் உதவியாளராகச் சேர்ந்தாய். போன சித்திரைத் தேருக்கு வந்தபோது, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன். அரசாங்கம் இல்லாமல் எம்.பி. தானாகக் கொண்டுவருகிற தனிநபர் மசோதா ஒன்றை எழுதுகிறேன் என்றாய். நட்பு நாடாகவே இருந்தாலும், நாம் விற்கிற ஆயுதம் ஊர் ஜனங்கள்மேல் விழுகிறது என்று தெரிந்தால் விற்பனையை நிறுத்த வேண்டும், யாருக்கு என்ன விற்கிறோம் என்று சபையில் வைக்க வேண்டும் என்றாய். எந்த நாடு என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவும் தேவைப்படவில்லை. பெட்டியில் ஒட்டிய எழுத்தை நான் மறக்கவில்லை. உடனே எனக்குச் சுருக்கென்றது. உன்மேல் பாய்ந்தேன்.

"துவாக்குடியில எத்தனை வீட்டுல இதனால உலை கொதிக்குதுன்னு உனக்குத் தெரியுமா? நீ ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு பத்து வரி எழுதிட்டா ஆச்சா?"

"ஏசி எங்கம்மா இருக்கு? ஃபேனே ஓட மாட்டேங்குது."

"வெளையாடாத. நாம விக்கலைன்னா இன்னொருத்தன் விப்பான். சண்டை நிக்கவா போவுது?"

"நிக்காதும்மா. ஆனா நம்ம கையில இருக்கறது நாம விக்கறது மட்டும்தானே."

"நமக்குக் கஷ்ட காலத்துல கை கொடுத்த நாடுடா அது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க?"

நீ தோசையைப் பிய்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாய், "சிநேகிதன் குடிச்சிட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கறாம்மா. சிநேகிதங்கறதுக்காக நாம கட்டைய எடுத்துக் குடுக்கணுமா?"

வாதத்தில் மாட்டிக்கொண்டால் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். "தோசை ஆறுது, சாப்பிடு" என்று உள்ளே போய்விட்டேன்.

ஆடி பிறந்த வாரம் அந்தப் போட்டோவை அனுப்பினாய். எந்த ஊரென்று தெரியாத ஒரு வீட்டின் முற்றம். கொடியில் சின்னச் சின்னத் துணிகள். பிளாஸ்டிக் குடங்களுக்குப் பக்கத்தில் அது தரையில் பாதி புதைந்து சாய்ந்து கிடந்தது. குழந்தைகள் கிட்டே போய்விடக் கூடாதென்று யாரோ நாலைந்து நாற்காலிகளைக் கவிழ்த்துச் சுற்றிலும் அடுக்கியிருந்தார்கள். தம்பி, இப்போது சொல்லப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் பயம் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. பெரிதாக்கிப் பார்த்து, ஃபினிஷிங் சுத்தமாக இருக்கிறது, வெடிக்காதது மருந்து போட்டவன் தப்பு, ஜாப்பில் தப்பில்லை என்று நினைத்தேன். நிம்மதிப்பட்டேன். அதற்குப் பிறகுதான் கொடியில் காய்ந்த துணி கண்ணில் பட்டது. எத்தனை வருஷம் ஒரு வேலையில் நெஞ்சு இறுகிப் போனால் ஒரு மனுஷிக்கு அந்த வரிசையில் தோன்றும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

நீ போன் செய்தாய். "அம்மா, நல்லாப் பாரு. என் டிபன் பாக்ஸ்ல இருக்கற மாதிரியே சாஞ்சிருக்கும்மா." அந்தச் சாமான் நம் நாட்டிலிருந்து போனதே இல்லை என்று மேலிடத்தில் சாதிக்கிறார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை மசோதா விவாதத்துக்கு வருகிறது, இது யார் அடித்த முத்திரை என்று சொல்ல ஒரு ஆள் எழுதிக் கொடுத்தால் போதும் என்றாய். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்னென்னவோ ஓடியது. வேலையில் சேரும்போது வெளியே பேச மாட்டேன் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். போலீஸ் வருமோ, தெருவில் என்ன பேசுவார்களோ, உன் கல்யாணப் பேச்சு என்னவாகுமோ என்றெல்லாம் நினைத்தேன். "என்னுது இல்லடா" என்றேன். நீ விடவில்லை. அப்போதுதான் அடுத்ததைச் சொன்னேன். "உங்கப்பாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற நாள்லல்லாம் என் பஞ்ச்ச ஸ்டெல்லாகிட்டதான் குடுத்துட்டுப் போவேன். அவ அடிச்சதா இருக்கும்."

ஸ்டெல்லா (நிஜப் பெயர் வேறு) என் பக்கத்து இருக்கைக்காரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். பஞ்ச்சைக் கைமாற்றிக் கொடுப்பது கூடாத காரியம். ஆனால் லாட் தேங்கினால் எல்லோருக்கும் திட்டு விழும் என்பதால் பெஞ்சில் எல்லோரும் செய்தோம். எனக்காக அவள் செய்த உபகாரம் அது. உன் அப்பா படுத்த படுக்கையாக இருந்த வருஷம் முழுவதும் அவள் அப்படிக் கைகொடுத்திருக்காவிட்டால் என் வேலை போயிருக்கும். அந்த உபகாரத்தையே எடுத்து அவள் கழுத்தில் மாட்டினேன். அவள் வலது கைக்காரி. அவள் அடித்தால் ஒன்பது நேராக நிற்கும். இது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே பரண்மேல் ஏறி உன் டிபன் பாக்ஸை எடுத்தேன். கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் பழசுக்குப் போட்டேன். பதிலுக்கு ஒரு கரண்டி கொடுத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அறுபத்திரண்டு வயதில் அதைத்தான் செய்தேன். மருமகள் வந்தால் காட்ட வேண்டும் என்று துடைத்துத் துடைத்து வைத்திருந்த டப்பா அது.

நீ ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தாய். உன்மேல் தப்பில்லை, அம்மா சொன்னதை நம்பினாய். மறுநாள் அவள் வேலை முடிந்து நேராக ஸ்ரீரங்கம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "அக்கா, என் பேர எதுக்குக்கா சொன்னீங்க? ரெண்டு பொண்ணுங்களும் இன்னும் படிச்சு முடிக்கலக்கா. தம்பி எங்கிட்ட எவ்வளவு மரியாதையாப் பேசுது தெரியுமா, எனக்கு அழுகையே வந்துருச்சு." நான் அவளை உள்ளே கூப்பிட்டு, தெரியாது என்று சொல்லிவிடு, ரெண்டு பேரும் தெரியாது என்றே சொல்லிவிடலாம் என்று அவளுக்கும் பாடம் எடுத்தேன். அவள் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது ஒங்க கைதானேக்கா" என்று மட்டும் கேட்டாள். நான் காபி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

அந்த ஆடி வெள்ளிக்குத் திருவானைக்காவலில் கூட்டம் நெரிந்தது. நான் போகவில்லை. மூன்றரை மணியிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். சபையில் பாதி இருக்கை காலி. உன் எம்.பி. நன்றாகத்தான் பேசினார். நீ எழுதிக் கொடுத்தது எது, அவர் சொந்தமாகச் சேர்த்தது எது என்றுகூட எனக்குத் தெரிந்தது. கட்டையை எடுத்துக் கொடுக்கிற சிநேகிதனைப் பற்றி அவரும் சொன்னார். படத்தைத் தூக்கிக் காட்டினார். மந்திரி எழுந்து, முத்திரை யாரும் போடலாம், இது நம் நாட்டில் செய்ததென்று சொல்ல ஒரு சாட்சியாவது உண்டா என்று கேட்டார். உன் எம்.பி. கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதில் இருந்திருக்க வேண்டிய தாளை எழுதிக் கொடுக்காமல்தான் நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சபையின் அனுமதியோடு மசோதாவைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. குலுக்கலில் பெயர் வந்தால்தான் இந்த மாதிரி மசோதா பேச்சுக்கே வரும், மறுபடி அவர் பெயர் எப்போது வருமோ என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

சாட்சி இருந்தால் மட்டும் மசோதா நிறைவேறியிருக்குமா? இருக்காது என்று நீ சொல்வாய், என்னைத் தேற்றுவதற்காகச் சொல்வாய். சொல்லாதே. நிறைவேறாமல் தோற்பது வேறு, சொந்த அம்மா வாயை மூடிக்கொண்டதால் தோற்பது வேறு.

அடுத்த வாரம் பாத்திரக் கடைக்குப் போய்க் கேட்டேன். "பழைய சாமான்லாம் மொத்தமா உருக்கப் போயாச்சும்மா" என்றான். ஸ்டெல்லா கதை அதைவிட மோசம். உன் போன் வந்த விஷயம் எப்படியோ கம்பெனி காதுக்குப் போய், அவளைப் பெஞ்சிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. பொன்மலையில் அவள் வீட்டுக்குப் போனேன். வலிக்கிற காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. முத்திரை என்னுடையது, நான் எழுதிக் கொடுக்கப் போகிறேன், உன் பெயரிலிருந்து இந்தப் பழி போய்விடும் என்றேன்.

"எழுதிக் குடுத்தா ஆர்டர் நிக்குமாக்கா?"

"நிக்கலாம்."

"நின்னா பேக்கிங்கும் இல்ல. அன்னிக்குச் சொல்லியிருந்தீங்கன்னா எம் பேராவது சுத்தமா இருந்திருக்கும். இப்ப ரெண்டும் இல்ல." காலை நீட்டித் தேய்த்துக்கொண்டே, "எழுதுங்கக்கா. எனக்காக எழுதாம இருந்துராதீங்க" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருந்திருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளாதே. கதவை மூடும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டு வாசலில் நோட்டரி வக்கீலிடம் போனேன். "என்னம்மா, பேர் திருத்தமா, பட்டாவா?" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "யோசிச்சுக்கிட்டீங்களாம்மா?" என்றார். யோசித்துக்கொண்டேதான் இத்தனை வருஷம் ஓட்டினேன் என்றேன். கம்பெனியின் பெயர், வேலை பார்த்த வருஷங்கள், பஞ்ச் எண், ரிட்டயர் ஆன அன்று அதை என் கண் முன்னாலேயே கிரைண்டரில் வைத்துத் தேய்த்தது, எந்த நாட்டுக்கான பெட்டியில் அந்த லாட்கள் போயின என்பது, எல்லாம் அதில் இருக்கிறது. ஸ்டெல்லா எப்போதாவது அடித்தது என் வேண்டுகோளுக்காக, படத்தில் இருப்பது அவள் கை இல்லை என்பதும் இருக்கிறது. பதிவுத் தபாலில் உன் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். எம்.பி.யிடம் கொடு. அவர் வேண்டாமென்றால் வாங்கிக்கொள்கிற வேறு ஒருவரைத் தேடு. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அதை உன் பீரோவில் வைத்துப் பூட்டினால், நான் செய்ததையே நீயும் செய்கிறாய் என்று அர்த்தம். என்ன வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். அறுபத்திரண்டு வயதில் ஒருத்தியிடமிருந்து பிடுங்குவதற்கு என்ன பெரிதாக இருக்கிறது?

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அம்மா என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நீ எதிர்த்து எழுதுகிற ஆட்களை ராட்சசர்களாக நினைத்து எழுதாதே. மந்திரி, கம்பெனிக்காரன் என்று தேடிக்கொண்டு போனால் சட்டம் சுலபமாக எழுதிவிடலாம். நாங்களும் இருக்கிறோம். பிள்ளைக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், கையில் கேஜோடு உட்கார்ந்து, வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர்கள். அந்த ஆர்டர் நின்றால் ஸ்டெல்லா என்ன செய்வாள் என்றும் உன் மசோதாவில் இரண்டு வரி எழுது. அடுத்த முறை எழுதும்போது எழுது.

ரிட்டயர் ஆன அன்று எனக்குச் சால்வை போட்டு, இருபத்திரண்டு வருஷத்தில் இந்த அம்மா ஒரு மட்டமான ஜாப்பைக்கூட வெளியே விட்டதில்லை என்று மைக்கில் பேசினார்கள். நீயும் கைதட்டினாய். அது உண்மைதான், தம்பி. அந்த முற்றத்தில் கிடந்தது ஏதோ கோளாறில் வெடிக்காமல் போனது. அதனால்தான் அதன் மேலிருந்த ஒன்பதை யாரோ படமெடுக்க முடிந்தது, உன்னால் படிக்க முடிந்தது. நான் முத்திரை போட்டு அனுப்பிய மற்றவையெல்லாம் வெடித்துவிட்டன.

அம்மா